எல்லை தாண்டினால் எந்த எச்சரிக்கை வந்து சேரும்? செல் பிராட்காஸ்ட், எஸ்எம்எஸ், ஆப்: ஓர் ஒப்பீடு

ஜெர்மனியில் ஆகன் நகரம் இருக்கும் மூலை, மூன்று நாடுகள் ஒட்டும் இடம். கொஞ்சம் மேற்கே போனால் நெதர்லாந்து, தெற்கே திரும்பினால் பெல்ஜியம். நாங்கள் குடியிருப்பது ஜெர்மனிப் பக்கம், எனக்கு வேலை நெதர்லாந்தில், பிள்ளைகளின் நண்பர்களில் பாதிப்பேர் பெல்ஜியப் பக்கம். எல்லையைத் தாண்டிவிட்டோம் என்பதே பல நேரம் போனில் வரும் வரவேற்புக் குறுஞ்செய்தியைப் பார்த்துத்தான் தெரியும்.

வெள்ளம், தீ, ரசாயனக் கசிவு என்று ஏதாவது வந்தால் மக்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்ப இந்த மூன்று நாடுகளும் மூன்று வழிகளைப் பிடித்தன. நெதர்லாந்து 2012-லிருந்தே என்எல்-அலர்ட் என்ற பெயரில் செல் பிராட்காஸ்ட் (டவர் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் பரப்பும் செய்தி) அனுப்புகிறது. பெல்ஜியம் 2017-ல் பிஇ-அலர்ட்டைத் தொடங்கியபோது எஸ்எம்எஸ்ஸை நம்பியது. ஜெர்மனி பல வருடம் நினா போன்ற ஆப்களை நம்பி இருந்துவிட்டு, 2023 பிப்ரவரியில்தான் செல் பிராட்காஸ்ட்டையும் சேர்த்துக்கொண்டது. ஆக, எங்கள் வீட்டுப் போன்களையும், ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மாவின் போன்களையும் எதை நம்பி அமைத்து வைப்பது என்று நாங்களே ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கைக்கு செல் பிராட்காஸ்ட்தான் அடிப்படை, எல்லாப் போனிலும் அதை முழுசாக இயக்கி வைத்திருக்கிறோம். விவரம் பார்க்க ஓர் ஆப், அதுவும் என் போனிலும் மனைவியின் போனிலும் மட்டும். எஸ்எம்எஸ் வந்தால் நல்லது, ஆனால் அதை நம்பி உட்காருவதில்லை. உதவி கேட்பதற்கு ஆப் எதுவும் இல்லை, 112 என்ற அவசர எண்ணுக்குக் குரல் அழைப்புதான். இதில் எனக்குச் சார்பு இருக்கிறது, மறைக்கவில்லை.

இந்த விஷயம் எங்களுக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் பட்டது என்றால் 2021 ஜூலை. அந்த மாத நடுவில் கொட்டிய மழை நாட்டு எல்லை பார்க்கவில்லை. ஜெர்மனியில் 180-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் பெரும்பகுதி ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில். பெல்ஜியத்தில் வெஸ்டர் ஆற்றுப் பகுதியையும் சேர்த்து சுமார் 40 பேர். நெதர்லாந்தின் தெற்கு லிம்பர்க்கில் ஃபால்கன்பர்க் ஊர் மூழ்கியது, ஆனால் அங்கே உயிர்ச்சேதம் இல்லை. இந்த வித்தியாசத்துக்கு எச்சரிக்கை முறைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆர் பள்ளத்தாக்கு குறுகலானது, தண்ணீர் அங்கே சில மணி நேரத்தில் சுவர் போல உயர்ந்தது, லிம்பர்க்கின் நிலமைப்பு வேறு. ஆனாலும் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. அந்த இரவில் ஜெர்மனியில் எல்லாப் போன்களையும் ஒரே நேரத்தில் அலற வைக்கும் வழியே இல்லை. பனிப்போர் முடிந்த பிறகு பல ஊர்களில் சைரன்களையும் கழற்றியிருந்தார்கள். ஆப் வைத்திருந்தவர்களுக்கு ஆப், மற்றவர்களுக்கு ரேடியோ, டிவி, கதவைத் தட்டிய தீயணைப்பு வீரர்.

சட்டம் அதற்கு முன்பே இருந்தது என்பதுதான் வருத்தம். 2018-ல் வந்த ஐரோப்பிய மின்னணுத் தொடர்புச் சட்டத்தொகுப்பின் 110-வது பிரிவு, 2022 ஜூன் 21-க்குள் ஒவ்வொரு உறுப்பு நாடும் மொபைல் வழியாகப் பொது எச்சரிக்கை அனுப்பும் வசதியை ஏற்படுத்த வேண்டும் என்று சொன்னது. ஆப் மாதிரியான வேறு வழியையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது பரப்பிலும் திறனிலும் சமமான பலன் தர வேண்டும், அந்த இடத்தில் தற்காலிகமாக இருப்பவர்களையும் எட்ட வேண்டும் என்று நிபந்தனை. என் கணக்கில் அந்தத் "தற்காலிகமாக இருப்பவர்கள்" என்ற ஒரு நிபந்தனையிலேயே முழுப் போட்டியும் தீர்ந்துவிடுகிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

செல் பிராட்காஸ்ட்: முன்னேற்பாடு கேட்காத ஒரே வழி

ஊர் நடுவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதற்கும் வீடு வீடாகக் கடிதம் போடுவதற்கும் என்ன வித்தியாசமோ அதுதான் செல் பிராட்காஸ்ட்டுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும். டவர் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் பரப்புகிறது. யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. போன் எண் வேண்டாம், பெயர்ப் பட்டியல் வேண்டாம். கேட்பவர்கள் பத்துப் பேரானாலும் லட்சம் பேரானாலும் டவருக்கு வேலை ஒன்றுதான். அழைப்புகளும் இணையமும் நெரிசலில் திணறும்போதும் இது தனி வழியில் போவதால் பாதிக்கப்படுவதில்லை. 2016 மார்ச் 22-ல் பிரசெல்ஸ் குண்டுவெடிப்புகள் நடந்த அன்று நெட்வொர்க் நெரிசலில் அழைப்புகள் போகாமல், தொலைபேசிக்குப் பதிலாக இணையவழிச் செய்தி அனுப்புங்கள் என்று அதிகாரிகளே மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள். அப்படிப்பட்ட நேரத்துக்கு ஏற்றது இதுதான்.

வேகம், அளவு எல்லாம் எல்லோரும் எழுதும் விஷயம், அதைக் கடந்து போகிறேன். என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே ஒரு கேள்வி: எச்சரிக்கை வந்து சேர, அந்த மனிதர் முன்கூட்டியே என்ன செய்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை உள்ளூர்க்காரரை வைத்துக் கேட்டால் மூன்று வழிகளும் ஏறக்குறைய தேறிவிடும். பத்து வருடம் ஒரே ஊரில் இருப்பவர் ஆப் இறக்கியிருப்பார், இணையதளத்தில் முகவரியைப் பதிந்திருப்பார், சைரனின் ஓசைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்திருக்கும். எல்லை தாண்டி வந்தவரை வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு வாரக்கடைசியைக் கழிக்க வந்த டச்சுக் குடும்பம். சரக்கு லாரியை ஓய்விடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கும் போலந்து ஓட்டுநர். மகன் வீட்டுக்கு மூன்று மாத விசாவில் வந்திருக்கும், ஜெர்மன் ஒரு வார்த்தையும் தெரியாத என் அம்மா. இவர்களில் யாருக்கும் அந்த நாட்டில் எச்சரிக்கைக்கு என்று ஓர் ஆப் இருப்பதே தெரியாது. தெரியாத ஒன்றை எப்படி இறக்கி வைப்பார்கள்? ஆபத்தில் முதலில் மாட்டுபவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான், ஏனென்றால் எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் ஏறும், எந்தப் பக்கம் மேடு என்ற உள்ளூர் அறிவு அவர்களிடம் கிடையாது.

செல் பிராட்காஸ்ட் இவர்களிடம் எதுவும் கேட்பதில்லை. போன் இயங்க வேண்டும், ஃபிளைட் மோடில் இருக்கக்கூடாது, டவரோடு இணைந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். எந்த நாட்டு சிம், எந்த நிறுவனம், டேட்டா மிச்சம் இருக்கிறதா என்பதெல்லாம் பொருட்டே இல்லை. செய்தி வருவது நின்றுகொண்டிருக்கும் இடத்து டவரிலிருந்து, சொந்த நாட்டு நெட்வொர்க்குக்கு இதில் வேலையே கிடையாது. ஐரோப்பாவில் இதற்கென்று ஈயு-அலர்ட் என்ற பொதுத் தரமும் இருப்பதால், நெதர்லாந்தில் அலறும் போன் கிரேக்கத்திலும் ருமேனியாவிலும் ஸ்பெயினிலும் அதே மாதிரி அலற வேண்டும். அந்தத் தரத்தில் உச்சநிலை எச்சரிக்கையைப் பயனாளர் அணைக்கவும் முடியாது. பெரும்பாலான போன்களில் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாலும் ஒலிக்கும்.

ஜெர்மனியில் செப்டம்பர் மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை எச்சரிக்கைச் சோதனை நாள். எங்கள் வீட்டில் அப்பாவின் போன், இந்திய சிம்மோடு ரோமிங்கில் இருந்தது, டேட்டா அணைத்து வைத்திருந்தார், அதுவும் அலறியது. ஒரு வீட்டின் அனுபவம்தான், இதை வைத்து எல்லாப் போனுக்கும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆனால் யாரும் எதையும் இறக்காமல், எங்கும் பதியாமல் அந்தப் போன் சத்தம் போட்டது என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இனி குறைகள். முதலாவது, அனுப்பியவருக்கு யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. எத்தனை பேர் அந்த இடத்தில் இருக்கிறார்கள் என்ற கணக்கும் கிடைக்காது. மீட்புப் பணிக்கு அது ஒரு இழப்பு.

இரண்டாவது, பழைய போன்கள். ஜெர்மனியில் தொடங்கியபோது ஆண்ட்ராய்டு 11, ஐபோனில் ஐஓஎஸ் 16.1 என்று அளவு சொன்னார்கள். வீட்டில் பெரியவர்களுக்குப் போவது பெரும்பாலும் நாம் மாற்றிவிட்ட பழைய போன்தான், அதனால் இது சின்ன விஷயம் இல்லை. நெதர்லாந்தில் ஆரம்ப காலத்தில் மக்களே செட்டிங்ஸில் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது, பிறகு ஒழுங்கானது. சில போன்களில் எச்சரிக்கை மெனு கண்ணில் படுவதே சிம் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்திருக்கிறது. அம்மாவின் போனில் அந்த மெனுவைக் காணோம், ஜெர்மன் சிம்மைப் போட்டதும் வந்துவிட்டது. மெனு தெரியாவிட்டாலும் உச்சநிலைச் செய்தி வருமா என்பது போனுக்குப் போன் மாறும் போலிருக்கிறது, இதில் நான் அடித்துச் சொல்லமாட்டேன்.

மூன்றாவது, டவர் எல்லைக்கோட்டை மதிக்காது. ஜெர்மன் டவரின் அலை நெதர்லாந்துக்குள்ளும் போகும், எதிர்ப்பக்கமும் அப்படியே. ஆகவே எனக்குத் தேவையில்லாத எச்சரிக்கை வரலாம், அதைவிட மோசமாக, என் போன் பக்கத்து நாட்டு டவரைப் பிடித்துக்கொண்டிருந்தால் எனக்குத் தேவையான எச்சரிக்கை வராமலும் போகலாம். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் சேர்ந்து பேசி, எல்லையோரப் பகுதிக்கு இருவரும் அனுப்புவதுதான் இதற்கு மருந்து. தொழில்நுட்பத்தை விட இது உறவு சார்ந்த வேலை.

பிரிட்டனில் 2023 ஏப்ரல் 23-ல் நாடு தழுவிய முதல் சோதனை நடந்தபோது ஒரு நெட்வொர்க்கின் வாடிக்கையாளர்கள் பலருக்கு வரவே இல்லை. வீட்டில் வன்முறைக்கு ஆளாகிறவர்கள் ஒளித்து வைத்திருக்கும் போன் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்று உதவி அமைப்புகள் முன்கூட்டியே எச்சரித்தன. அது நியாயமான கவலை, சோதனையை முன்கூட்டி அறிவிப்பதும் தேவையானவர்களுக்கு அணைக்கும் முறையைச் சொல்லித் தருவதும் அதனால்தான் முக்கியம்.

எஸ்எம்எஸ்: எண்ணிக்கை தெரியும், வரிசையும் உண்டு

இட அடிப்படையிலான எஸ்எம்எஸ் வேறு வகையில் புத்திசாலித்தனமானது. ஆபத்துப் பகுதியில் எந்தெந்தப் போன்கள் இணைந்திருக்கின்றன என்று நெட்வொர்க்கிடம் கேட்டு, அந்த எண்களுக்கு அனுப்புகிறது. இதில் இரண்டு நல்ல விஷயங்கள். எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள், எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரிகிறது. இன்னொன்று எல்லை தாண்டுபவர்களுக்கு நேரடியாகவே உதவுவது: சிம் எந்த நாட்டுடையது என்று பார்த்து அதற்கேற்ற மொழியில் அனுப்ப முடியும். போலந்து சிம்முக்குப் போலிஷில் அனுப்பலாம். செல் பிராட்காஸ்ட்டிலும் கூடுதல் மொழி அனுப்ப வழி இருக்கிறது, போனின் மொழி அமைப்பைப் பார்த்து அது காட்டும், ஆனால் அனுப்பும் பக்கம் யாராவது அந்த மொழியில் எழுதித் தர வேண்டுமே. நெருக்கடி நேரத்தில் அது எவ்வளவு நடக்கிறது? எனக்கு வந்த டச்சுச் செய்திகள் பெரும்பாலும் டச்சில், சில நேரம் கீழே ஆங்கிலத்தில் சில வரிகள். மொழி விஷயத்தில் எஸ்எம்எஸ் பக்கம் ஒரு புள்ளி கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு பழைய போனிலும் வரும் என்பதற்கு இன்னொரு புள்ளி.

ஆனால் எஸ்எம்எஸ் ஒவ்வொன்றாகத்தான் போகும். சின்னக் கிராமத்துக்கு அது பிரச்சினை இல்லை, பெரிய நகரம் என்றால் வரிசை நீளும். அப்புறம், அது சாதாரண எஸ்எம்எஸ் மாதிரியேதான் வருகிறது. இரவு இரண்டு மணிக்குச் சத்தம் குறைத்த போனில் ஒரு "டிங்" கூடக் கேட்காது. பார்சல் வந்திருக்கிறது, வங்கிக் கணக்கு முடக்கம் என்று வரும் மோசடிச் செய்திகளுக்கு நடுவே, தெரியாத நாட்டில் தெரியாத பெயரிலிருந்து வந்த ஒன்றை வந்தவர் நம்புவாரா என்பதும் சந்தேகம்தான். செல் பிராட்காஸ்ட்டின் அலறல், திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்பது, இவை அந்தச் சந்தேகத்துக்கு இடம் வைப்பதில்லை.

பெல்ஜியத்தில் நம் முகவரியையும் எண்ணையும் முன்கூட்டிப் பதிந்து வைத்தால், அந்த நேரத்தில் நாம் வேறெங்கு இருந்தாலும் அந்த முகவரிக்கான எச்சரிக்கை வரும். வயதான உறவினர் அங்கே இருக்கிறார் என்றால் இது நிச்சயம் பயன்படும். அங்கே நெருங்கியவர்கள் இருக்கும் நண்பர்களிடம் பதியச் சொல்லி நானே வற்புறுத்தியிருக்கிறேன். பெரிய பேரிடரில் பெல்ஜிய எஸ்எம்எஸ் எத்தனை வேகத்தில் வந்தது என்று நேரடி அனுபவம் எனக்கு இல்லை, அதனால் அதன் வேகத்தைப் பற்றி நான் சொல்வது முறையின் அமைப்பை வைத்துச் சொல்வது. பிரான்ஸ் 2022-ல் எஃப்ஆர்-அலர்ட்டைத் தொடங்கியபோது செல் பிராட்காஸ்ட், இட எஸ்எம்எஸ் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டது. பணம் இருக்கும் நாட்டுக்கு அதுதான் சரியான பதில் என்று நினைக்கிறேன். ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு எதற்கு என்று தெரிந்திருக்கும்.

ஆப்: விவரத்துக்கு நல்லது, அலாரத்துக்கு ஆகாது

ஆப்களை நான் வெறுக்கவில்லை. நினாவில் வரைபடம் இருக்கிறது, எந்தப் பகுதி, என்ன செய்ய வேண்டும், எப்போது முடிந்தது என்று விரிவாக வருகிறது, இல்லாத ஊரையும் பின்தொடரலாம். செல் பிராட்காஸ்ட் "ஜன்னல்களை மூடுங்கள்" என்று சொன்ன பிறகு, எதற்கு, எவ்வளவு நேரம் என்று பார்க்க அதைத்தான் திறக்கிறேன்.

முதல் செய்தி அதில் வந்து சேரும் என்று நம்புவதுதான் தவறு. 2020 செப்டம்பர் 10-ல் ஜெர்மனி நாடு தழுவிய சோதனை நடத்தியபோது காலை 11 மணிக்கு வர வேண்டிய செய்தி ஆப்களில் அரை மணி நேரம் போல் தாமதமானது, அமைச்சகமே அது தோல்வி என்று சொல்லிவிட்டது. பிரான்ஸில் 2016 ஜூனில் எஸ்ஏஐபி என்ற ஆப் வந்தது. அடுத்த மாதமே நீஸ் நகரில் தாக்குதல் நடந்தபோது அதன் எச்சரிக்கை மணிக்கணக்கில் தாமதமாக வந்தது, 2018-ல் அதையே கைவிட்டார்கள். இந்த இரண்டும் உள்ளூர்க்காரர்களுக்கே நடந்தவை.

எல்லை தாண்டுபவருக்கு இது இன்னும் மோசம். ஜெர்மனிக்கு ஓர் ஆப், சுவிட்சர்லாந்துக்கு அலர்ட்சுவிஸ், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று. காரில் ஒரே நாளில் நான்கு நாடு கடக்க முடிகிற நிலப்பரப்பில் இது எப்படிச் சரிப்படும்? ரோமிங் விதிகளின்படி 2023 ஜூனிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக்குப் போனால் வரும் வரவேற்புச் செய்தியில் அந்த நாட்டு எச்சரிக்கை ஆப் பற்றிய தகவலும் இருக்க வேண்டும். நல்ல எண்ணம்தான், ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், கட்டண விவரத்தோடு சேர்ந்து வரும் அந்தச் செய்தியில் உள்ள இணைப்பை யார் தட்டியிருக்கிறோம்? அதோடு, பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போன் பின்னணியில் ஓடும் ஆப்பைத் தூங்க வைத்துவிடுகிறது, ரோமிங் டேட்டா அணைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

உதவி கேட்கும் பக்கம்

இதுவரை பேசியது நமக்கு வரும் செய்தி. நாம் கூப்பிடும் பக்கத்திலும் இதே போட்டி இருக்கிறது, குரல் அழைப்பா, அவசர ஆப்பா என்று. இங்கே சுருக்கமாகவே சொல்வேன், ஏனென்றால் முன்னேற்பாடு என்ற அதே கேள்வி அதே பதிலைத்தான் தருகிறது.

112 என்ற ஒரே எண் 1991-ல் ஐரோப்பிய முடிவாக வந்தது, இன்று ஒன்றியத்தின் எல்லா நாட்டிலும் இலவசமாக வேலை செய்கிறது. பெல்ஜியத்தில் போலீஸுக்கு 101, ஜெர்மனியில் 110 என்று தனி எண்கள் இருந்தாலும், வந்தவருக்கு 112 மட்டும் நினைவிருந்தால் போதும். முன்பெல்லாம் "எங்கே இருக்கிறீர்கள்" என்பதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் தவிப்பதுதான் பெரிய கஷ்டம், தெருப்பெயரை உச்சரிக்கவே முடியாத ஊரில் என்ன சொல்வது? அதற்காகவே ஏஎம்எல் என்ற வசதி 2014-ல் பிரிட்டனில் தொடங்கியது. அவசர எண்ணை அழைத்ததும் போன் தானாக ஜிபிஎஸ், வைஃபை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து அவசர மையத்துக்கு அனுப்பிவிடும். 2016-ல் ஆண்ட்ராய்டிலும் 2018-ல் ஐபோனிலும் வந்தது, 2022 மார்ச் 17-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்கள் அவசர அழைப்பின்போது செயற்கைக்கோளும் வைஃபையும் வைத்து இடத்தைச் சொல்லும் திறனோடு இருக்க வேண்டும் என்பது விதி. ஆப் இல்லை, பதிவு இல்லை, இங்கேயும் அதேதான். பெல்ஜியத்தின் 112 ஆப்பில் முதலில் நம்மைப் பதிய வேண்டும், அதுவும் அந்த நாட்டுக்குள் மட்டும்.

ஆனால் எல்லை தாண்டும்போது இதில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் சாதாரண மக்களிடம் சொல்வதில்லை. ஏஎம்எல் பல இடங்களில் எஸ்எம்எஸ் வழியாக இடத்தை அனுப்புகிறது. ரோமிங்கில் இருக்கும் போனின் எஸ்எம்எஸ் சொந்த நாட்டு நெட்வொர்க் வழியாகச் சுற்றி வருவதால், போய்ச் சேராமல் போக வாய்ப்பு உண்டு. இணையம் வழியாக அனுப்பும் முறையும் இருக்கிறது, அதற்கு டேட்டா வேண்டும். எந்த நாட்டு சிம் எந்த நாட்டில் சரியாக வேலை செய்கிறது என்று நான் சோதித்ததில்லை, அவசர எண்ணை அழைத்துச் சோதிக்கவும் கூடாது. அதனால் வெளிநாட்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, ரோமிங் டேட்டாவை முழுவதும் அணைக்காதீர்கள், வரைபட ஆப்பில் நீங்கள் நிற்கும் இடத்தின் எண்களை எப்படிப் பார்ப்பது என்று ஒருமுறை பழகி வையுங்கள்.

அதேபோல, எல்லையோரத்தில் 112 அழைப்பு எந்த நாட்டு டவரைப் பிடிக்கிறதோ அந்த நாட்டு மையத்துக்குப் போகும். எடுத்தவர் வேறு மொழி பேசினால் பதறாமல், முதலில் எந்த நாட்டில், எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். சிம் இல்லாத போனிலும் 112 போகும் என்று பலர் நம்புகிறார்கள். ஜெர்மனியில் வீண் அழைப்புகள் பெருகியதால் 2009-லிருந்து அது நிறுத்தப்பட்டுவிட்டது.

ஆப்தான் மேல் என்று நான் மனமார ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. காது கேளாதவர்களுக்கும் பேச முடியாதவர்களுக்கும் குரல் அழைப்பு என்பது பூட்டிய கதவு. தட்டச்சு செய்யச் செய்ய மறுமுனையில் தெரியும் நிகழ்நேர எழுத்து வசதியை 112 மையங்கள் 2027 ஜூனுக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் சொல்கிறது. அது வரும்வரை, ஆப்தான் அவர்களுக்கு வழி. ஒரு நாட்டு ஆப் வேறு நாட்டிலும் அங்குள்ள அவசர மையத்தோடு பேசுவதற்காக பெமியா என்ற தரம் உருவாக்கப்பட்டிருக்கிறது, அது எல்லா நாட்டுக்கும் பரவினால் இந்த விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயார்.

செல் பிராட்காஸ்ட்டை இவ்வளவு தூக்கிப் பேசிவிட்டு வலென்சியாவைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஸ்பெயினில் ஈஎஸ்-அலர்ட் என்ற நல்ல செல் பிராட்காஸ்ட் முறை 2022-லிருந்து இருக்கிறது. 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் அந்த எச்சரிக்கை மக்களின் போனுக்கு வந்தது இரவு 8:11-க்கு. அதற்குள் பல ஊர்களில் தண்ணீர் புகுந்து, பலர் இறந்துவிட்டார்கள். வலென்சியா மாகாணத்தில் மட்டும் 220 பேருக்கு மேல். கருவி தயாராக இருந்தது, பொத்தானை அழுத்தும் முடிவு தாமதமானது. 2021-ல் ஆர் ஆற்றோரம் ஜின்ஸிக் ஊரில் மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் 12 பேர் மூழ்கி இறந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது தூக்கிக்கொண்டு போக ஆட்கள், எந்தப் போன் செய்தியும் அந்த இடத்தை நிரப்பாது. எந்த வழி சிறந்தது என்ற என் ஒப்பீடு எல்லாம், யாரோ நேரத்தோடு முடிவெடுத்து அனுப்புகிறார் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? போனின் மென்பொருளைப் புதுப்பியுங்கள், அறிவிப்பு அமைப்புகளில் அவசர எச்சரிக்கை என்று இருப்பதை எல்லாம் இயக்கி வையுங்கள், சோதனைச் செய்திகளையும் சேர்த்து. விருந்தாளிகள் வந்தால் வைஃபை கடவுச்சொல் கொடுக்கும் நேரத்திலேயே அவர்கள் போனிலும் இதைப் பார்த்துவிடுங்கள். வேறு நாட்டில் தனியாக இருக்கும் உறவினர் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது மயங்கி விழுந்தால், நீங்கள் 112 அடித்தால் அது உங்கள் ஊர் மையத்துக்குத்தான் போகும். மையங்கள் ஒன்றையொன்று அழைக்க முழுத் தொலைபேசி எண்களின் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் அது அவர்களுக்குள். எனவே அந்த உறவினரின் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணை வாங்கி வையுங்கள், அவர் அங்கிருந்து அழைப்பதுதான் வேகம்.

அதிகாரிகளிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. சோதனை நாள் முடிந்ததும் எத்தனை பேருக்குச் செய்தி வந்தது என்று கேட்டுக் கணக்கெடுக்கிறீர்கள். வெளிநாட்டு சிம்மோடு ரோமிங்கில் இருந்தவர்களுக்கு வந்ததா என்பதை அதில் தனி வரியாகப் போட்டு, நாடு வாரியாக, போன் வகை வாரியாக வெளியிடுங்கள். எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நாளில் சோதனை நடத்தினால் இன்னும் நல்லது.